தனக்கென்று ஒரு சிட்டை

எங்கள் வீட்டு பீரோவில் நிலப் பத்திரம் ஒரு மஞ்சள் பைக்குள் இருக்கும். அதே பையில் மொய் நோட்டுகளும் இருக்கும். அக்கா காதுகுத்து, அண்ணன் கல்யாணம், புதுவீடு பால்காய்ச்சியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், முதல் வரவாகத் தாய்மாமன் பெயர். அப்புறம் பக்கம் பக்கமாக ஊர், பெயர், தொகை. உசிலம்பட்டி, திருமங்கலம், செக்கானூரணிப் பக்கம் பத்திரத்துக்குச் சமமாக இந்த நோட்டைப் பாதுகாப்பார்கள். இப்போது மண்டபத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீது கொடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைப் பார்த்துத் தன் கையால் நோட்டில் ஒருமுறை எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அம்மாவுக்கு இன்னொரு பதிவேடும் உண்டு. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். கட்டத்துக்குக் கட்டம் பென்சிலில் 'பால் 1', 'பால் இல்லை', 'கேஸ் வந்தது', 'சீட்டு கட்டியாச்சு', 'தண்ணி லாரி', 'பாப்பாவுக்கு ஊசி'. வருஷம் முடிந்தால் அந்தத் தாள் அலமாரித் தட்டில் விரிக்கப்படும். ஏலக்காய் டப்பாவை எடுத்தால் அடியில் 2011 ஆகஸ்ட் தெரியும். "டைரி எழுதுற பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கெதுக்குப்பா டைரி?" என்பார்.

டைரி என்றாலே பெரிய மனிதர்கள் எழுதுவது, பின்னால் யாரோ அச்சில் போடுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. யாரும் படிக்கப்போவதில்லை, பணமும் வராது, புகழும் கிடையாது என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் நாலு வரி எழுதி வைக்கிறார்கள். எதற்காக? நானும் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதுகிறவன். இதற்கு எனக்குக் கிடைத்த தெளிவான விளக்கம் மதுரை கீழமாசி வீதியிலிருந்து வந்தது.

அப்பா அங்கே ஒரு பருப்பு மொத்தக் கடையில் 31 வருஷம் கணக்கு எழுதினார். பழைய முறையில் எழுதும் கடைகளில் இரண்டு புத்தகம் முக்கியம். ஒன்று சிட்டை. காலையில் கடை திறந்ததிலிருந்து என்ன நடக்கிறதோ அது நடக்கிற வரிசையில், நடக்கிற நேரத்திலேயே, சிட்டையில் ஏறும். யாருக்கு இரண்டு மூட்டை துவரை போனது, யார் பாக்கியில் 500 கொடுத்தார், வண்டிக் கூலி எவ்வளவு, எல்லாம் கலந்துகட்டி இருக்கும். சாயந்திரம் கடை ஓய்ந்த பிறகு அதைப் பிரித்து ஆள் ஆளாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். வருஷக் கடைசியில் பேரேட்டிலிருந்து ஐந்தொகை, அதாவது கடையின் மொத்தக் கணக்கு நிலை. பார்க்க அழகாக இருப்பது பேரேடு. சிட்டையில் அடித்தல், திருத்தல், எண்ணெய்க் கறை எல்லாம் இருக்கும்.

ஆனால் யாராவது "நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே" என்று சண்டைக்கு வந்தால் அப்பா பேரேட்டைத் தொடமாட்டார், சிட்டையைத்தான் எடுப்பார். காரணம் கேட்டபோது சொன்னார்: "பேரேடு எழுதுறப்ப யாரு பாக்கி வச்சிருக்கா, யாரு கட்டிட்டான்னு நமக்குத் தெரியும்டா. சிட்டை எழுதுறப்ப எதுவுமே தெரியாது. அதனால அதுல பொய் வராது."

தனக்கென்று எழுதி வைப்பதன் நியாயம் முழுவதும் எனக்கு இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. நம் மனசு ஒரு பேரேடு. பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்தபிறகு, ஆளுக்கொரு தலைப்புப் போட்டு, இவர் நல்லவர், இவர் கெட்டவர் என்று பிரித்து எழுதிக்கொண்டது. நாட்குறிப்புதான் சிட்டை.

அந்தந்த நாளைக் குறித்து வைக்கும் பழக்கம் இந்த மொழிக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு எழுத்திலேயே சாட்சி உண்டு. நாள் என்பதற்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. ஒரு சொல்லுக்குத் தனிக்குறி எப்போது பிறக்கும்? கை வலிக்க வலிக்க அதையே திரும்பத் திரும்ப எழுதும்போதுதான். எங்கள் அப்பா கடைசிவரை 'மேற்படி' என்று எழுத்தில் எழுதியதே இல்லை, அந்த ஒற்றைக் குறிதான்.

இன்னும் பின்னால் போகலாம். மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர் போனால் கீழடி. அங்கே நடந்த நான்காம் கட்ட அகழாய்வு பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்ததாக அதில் இருக்கிறது. 'குவிரன்', 'ஆதன்' போன்ற பெயர்கள். எழுத்தின் சாயல் ஓட்டுக்கு ஓடு மாறுவதால், ஒரே ஆள் எழுதியிருக்க முடியாது, பலர் தங்கள் கையாலேயே கீறியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மாங்குளம் மலைக் குகையில் இருக்கும், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். மாங்குளத்தில் இருப்பது கொடை. நாலு பேர் பார்க்க, காலத்துக்கும் நிற்க என்று பாறையில் வெட்டியது. கீழடியில் இருப்பது தண்ணீர்ப் பானையோ சோற்றுப் பானையோ, அதன் தோளில் வீட்டுக்காரர் கூரான எதையோ வைத்துக் கீறிய தன் பெயர். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் அந்த ஓடுகளைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போது எனக்கு அம்மாவின் எவர்சில்வர் குடத்தில் வெட்டியிருக்கும் பெயர்தான் ஞாபகம் வந்தது. இது என்னுடையது, இங்கே நான் இருந்தேன். எழுதுவதற்கான மிகப் பழைய சொந்தக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாட்குறிப்பு என்றால் தமிழில் எல்லோரும் சொல்வது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-ல் ஆரம்பித்து 1761-ல் இறக்கும் காலம்வரை எழுதினார். சரித்திரக்காரர்கள் அதில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயையும் போர்களையும் தேடுகிறார்கள், தேட வேண்டியதுதான். ஆனால் அதே ஏட்டில் எந்தக் கப்பல் எப்போது வந்தது, யார் வீட்டில் என்ன விசேஷம், யார் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்பதெல்லாமும் இருக்கிறது. அவர் காலமாகி எண்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1846-ல்தான் அது வெளியார் கண்ணில் பட்டது. எழுதும்போது அவருக்கு அது தெரியாது.

எங்கள் அப்பாவின் டைரிகள் எல்லாம் புது வருஷத்துக்குக் கடைகளில் இனாமாகக் கொடுப்பவை. உரக் கம்பெனி டைரி, இன்சூரன்ஸ் டைரி, நகைக்கடை டைரி. அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவராததால் அடுக்கினால் சரிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு வரி, மிஞ்சினால் மூன்று. 'லோடு வரவில்லை.' 'அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டது.' 'கரண்ட் இல்லை, மாடியில் படுத்தோம்.' மனசில் என்ன இருந்தது என்று எங்கேயும் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் சித்ரா பௌர்ணமி அன்று ஒவ்வொரு வருஷமும் ஒரே மாதிரி குறிப்பு இருக்கும்: அழகர் எந்த நிறப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினார், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஓடியது. பச்சை என்றால் அந்த வருஷம் வெள்ளாமை செழிக்கும் என்று ஊரே நம்புவதால் பருப்புக் கடைக்காரருக்கு அது தொழில் செய்தியும்தான். பச்சை, பச்சை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று போய்க்கொண்டே இருந்து 2020-ல் இப்படி இருக்கிறது: 'அழகர் வரவில்லை. வெயில் அதிகம். எல்லோரும் வீட்டில்.'

கொரோனாவில் ஊர் அடங்கியதைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்த மூன்று வாக்கியம் செய்ததை வேறெதுவும் எனக்குச் செய்யவில்லை. முந்தைய வருஷங்களின் பட்டு நிறமெல்லாம் வரிசையாக அதற்கு முன்னால் இருப்பதால்தான் 'வரவில்லை' என்ற சொல்லுக்கு அந்தக் கனம். தினமும் எழுதுவதன் ஒரு பலன் இது. ஒரு நாளின் குறிப்புக்கு அர்த்தம் அந்தப் பக்கத்தில் இருக்காது, முன்னும் பின்னும் உள்ள பக்கங்களில் இருக்கும்.

நான் எழுதத் தொடங்கிய காரணம் வேறு. 2001-ல் படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயந்திரம் தெப்பக்குளத்துப் படிக்கட்டு. நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசமே தெரியாமல் மாதங்கள் போயின. அப்பாதான் உபரியாக இருந்த ஒரு டைரியைக் கொடுத்து "சும்மா எழுதேன்" என்றார். முதல் ஒரு வாரம் 'ஒன்றுமில்லை' என்றே எழுதினேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அப்படி எழுதக் கூச்சமாக இருந்தது. எழுத ஏதாவது வேண்டுமே என்று அன்று கவனித்துப் பார்த்தேன்: மைய மண்டபத்தில் ஒரு வயதானவர் பேரனுக்குக் காற்றாடி விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார், நூல் அறுந்ததும் பேரனைவிட அவர்தான் அதிகம் வருத்தப்பட்டார். அதை எழுதினேன். இன்றுவரை அந்த நாள் எனக்குத் தனியாக நிற்கிறது. ராத்திரி எழுத வேண்டும் என்பதற்காகவே பகலில் கண் திறந்திருக்கும்.

ஞாபகம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர்களில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் வாகெனார் என்ற உளவியல் அறிஞர் ஆறு வருஷம் தன் வாழ்க்கையில் நடந்ததை நாளுக்கு ஒன்றாவது குறித்து வைத்தார். என்ன, யார், எங்கே, எப்போது என்று பிரித்து ஏறக்குறைய 2,400 நிகழ்ச்சிகள். பிறகு தன்னையே சோதித்துக்கொண்டார். முடிவை 1986-ல் வெளியிட்டார். 'என்ன நடந்தது' என்று எடுத்துக்கொடுத்தால் மற்றதெல்லாம் ஓரளவு நினைவுக்கு வந்தது. தேதியை மட்டும் சொன்னால் அநேகமாக ஒன்றுமே வரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் 'நம்ம மாடு கன்னு போட்ட வருஷம்', 'பெரிய வெள்ளம் வந்தப்ப' என்று கணக்கு வைப்பது ஏன் என்பது இதில் விளங்குகிறது. மனசு தேதியை வைத்து எதையும் அடுக்குவதில்லை. அந்த வேலையைக் காகிதம்தான் செய்ய வேண்டும்.

மற்றவர் உல்ரிக் நைசர். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடியில் வெடித்தது. மறுநாள் காலையிலேயே அவர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யார் சொல்லி, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகள். நால்வரில் ஒருவருக்கு முக்கியமான விவரம் ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. தப்பாகச் சொன்னவர்களிலும் பலர் அடித்துச் சொன்னார்கள். அதைவிடப் பெரிய வியப்பு, அவர்கள் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபிறகும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. எழுத்து தன்னுடையதுதான் என்று தெரிகிறது, நடந்தது மட்டும் மனசிலிருந்து போயே போய்விட்டது.

இதைப் படித்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. எனக்கே அது நடந்திருந்தது.

2006 ஐப்பசியில் அப்பத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பதினொரு நாள். அதற்கு அடுத்த வருஷம் மேலூர்ப் பக்கம் இருக்கும் காட்டைப் பிரிப்பதில் சித்தப்பாவோடு தகராறாகிப் பேச்சுவார்த்தை நின்றது. அதன்பிறகு வீட்டில் அவர் பேச்சு வரும்போதெல்லாம் நான் சொல்கிற முதல் வாக்கியம் ஒன்று உண்டு. "அப்பத்தா சாகக் கிடந்தப்ப எட்டிக்கூடப் பார்க்காத மனுஷன்." என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் நான் தனியாக உட்கார்ந்திருந்த பெஞ்சுகூடக் கண்ணில் நிற்கும். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்பா 2021-ல் காலமானார். அடுத்த வருஷம் அவருடைய டைரிகளை அடுக்கும்போது என்னுடையவற்றையும் இறக்கித் தூசி தட்டினேன். 2006 கையில் வந்தது. என் கையெழுத்து, நீல மை, பக்கத்தின் ஓரத்தில் மருந்துக் கடை பில் ஒட்டியிருந்தது. 'சித்தப்பா ராத்திரி முழுக்க இருந்தார். நான் பெஞ்சில் தூங்கிவிட்டேன். விடிகாலையில் ஃப்ளாஸ்க்கில் காபி வாங்கி வந்து எழுப்பினார்.' இரண்டு நாள் தள்ளி மறுபடி: 'இன்றும் சித்தப்பா தங்கினார். அப்பத்தா அவர் கையால்தான் கஞ்சி குடித்தது.'

பெஞ்சு ஞாபகம் இருந்தது. அதில் என் பக்கத்தில் இருந்தவர் இல்லை. எப்படி இப்படி ஆகும் என்று ரொம்ப நாள் யோசித்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் ஒன்றும் சொல்லவில்லை. தகராறு வந்தபிறகு அவர் பெயருக்குக் கீழே ஒரு பேரேட்டுப் பக்கம் திறந்தேன். அதில் பற்று மட்டும் ஏறியது. வரவாக இருந்த இரண்டு ராத்திரியும் அந்தப் பக்கத்துக்கு ஒத்துவரவில்லை, அதனால் ஏறவில்லை. பதினைந்து வருஷம் அந்தக் கணக்கை நான் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தேன்.

எழுதுவதற்கு இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது, அதை அநேகர் முதலாவதாகச் சொல்வார்கள்: மனசில் இருப்பதை இறக்கி வைப்பது. இதற்கும் ஓர் ஆய்வு உண்டு. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் அறிஞர் 1986-ல் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்குக் கால்மணி நேரம் எழுதச் சொன்னார். சிலருக்குச் சாதாரண விஷயம், சிலருக்கு வாழ்க்கையில் தங்களை மிகவும் உலுக்கிய ஒன்று. உலுக்கியதைப் பற்றி, நடந்ததோடு தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் டாக்டரிடம் போவது குறைந்திருந்தது. அதன்பிறகு உலகம் முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பலன் உண்டு, ஆனால் சிறியது. நம்பத் தகுந்த முடிவு என்று எனக்குப் படுவது அந்தச் 'சிறியது'தான். எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மூச்சு முட்டும்போது ஜன்னலைத் திறக்கிற அளவுக்கு உதவும்.

பின்னால் வந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. 'ஏனென்றால்', 'இப்போதுதான் புரிகிறது' போன்ற சொற்கள் நாளுக்கு நாள் யார் எழுத்தில் கூடியதோ அவர்களுக்குத்தான் அதிகப் பலன். என் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் இது உண்மைதான் என்று தெரிகிறது. 2007-ல் காட்டுத் தகராறு பற்றி நாற்பது பக்கம் இருக்கிறது. நாற்பதிலும் ஒரே புலம்பல். ஒரு இடத்தில்கூட 'ஏனென்றால்' இல்லை. அப்படி எழுதியது புண்ணைச் சொறிந்த மாதிரிதான் ஆனது. ஒரே விஷயத்தை மூன்றாம் நாளும் அதே வார்த்தையில் எழுதுகிறோம் என்று தெரிந்தால் அன்றைக்கு நோட்டை மூடிவிட்டு வெளியே நடக்கப் போவது நல்லது. இல்லையென்றால் அப்பா மாதிரி, லோடு வந்ததா இல்லையா என்பதை மட்டும் எழுதலாம்.

யார் கண்ணிலாவது பட்டுவிடுமோ என்ற பயம் எழுதவிடாமல் தடுக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூட்டுக் குடும்பத்தில், அதுவும் பெண்களுக்கு, பூட்டி வைக்க ஒரு டிராயர் கிடைப்பது லேசில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருபது வருஷமாகச் சமையல் குறிப்பு நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வருகிறார். முன்பக்கத்தில் வத்தக்குழம்பு. அந்த நோட்டை வீட்டு ஆண்கள் யாரும் தொடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. இதுவரை அது தப்பவில்லை. இப்போது செல்போனில் பாஸ்வேர்டு போட்டு எழுதுகிறவர்கள் நிறைய. நல்லதுதான். ஒரே ஒரு சிக்கல், போன் போனால் எல்லாம் போகும். அதில் எழுதுகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகு மூன்று வாரம் சும்மா இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு மேலூருக்கு பஸ் ஏறினேன். வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "வாப்பா" என்றார். உள்ளே பார்த்து, "இந்தா, யார் வந்திருக்கா பாரு" என்று சித்தியைக் கூப்பிட்டார். காபி குடித்து முடித்ததும் நான் அந்த இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினேன். படித்துவிட்டு, இத்தனை வருஷம் நான் வெளியே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காபி வாங்கப் போனப்ப தொப்பலா நனைஞ்சுட்டேன்டா" என்றார். "நீ அசந்து தூங்கிட்ட. அன்னைக்கு ராத்திரி சரியான மழை."

என் குறிப்பில் மழை இல்லை. அவர் வேறு ஒரு நாளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார் என்று தோன்றியது, ஆனால் அதைச் சொல்லவில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் 2006 டைரியைத் தேடி எடுத்தேன். உரக் கம்பெனி டைரி, பச்சை அட்டை. அதே தேதி. 'இரவு நல்ல மழை. வாசலில் கிடந்த இரண்டு மூட்டை உளுந்து நனைந்தது. தம்பி ஆஸ்பத்திரியில்.'